பழைய சட்டையில் என்ன வெட்கம்?

சிங்கப்பூருக்குக் கட்டிட வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஊருக்குச் சொல்லாத சேதி ஒன்று உண்டு. அங்கே அவர்களில் பலர் உடுத்தும் சட்டையும் கால்சராயும் பிறர் உடுத்திக் கழித்தவை. இதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தானா என்று நாம் கேட்கிறோம்.

சிங்கப்பூரில் சுங்கை ரோடு என்ற இடத்தில் 1930-ம் ஆண்டுகளிலிருந்து ஒரு பழம்பொருள் சந்தை நடந்து வந்தது. நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். வயதான ஏழை வியாபாரிகள் தரையில் விரிப்பை விரித்துச் சட்டை, செருப்பு, கைக்கடிகாரம் என்று பரப்பி வைப்பார்கள். அவர்களுக்கு வாடகை கிடையாது. அதனால் விலையும் மலிவு. தமிழ்த் தொழிலாளியும் வங்காள தேசத் தொழிலாளியும் அங்கே பேரம் பேசி வாங்கினார்கள். ஏழைக்கு ஏழை உதவிய சந்தை அது!

2011-ல் ரயில் நிலைய வேலைக்காக அதில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டார்கள். 2017 ஜூலை 10-ந் தேதி சந்தையையே மூடிவிட்டார்கள். வேறிடத்தில் சந்தையை நடத்த அனுமதி கேட்டார்கள் வியாபாரிகள்; கிடைக்கவில்லை. அந்த நிலம் வீடுகள் கட்டத் தேவையாம்! அந்த மாடிகளைக் கட்டுகிறவன் மலிவாக ஒரு சட்டை வாங்க எங்கே போவான்? இரட்சணிய சேனை போன்ற தர்ம ஸ்தாபனங்களின் பழந்துணிக் கடைகளைத்தான் தேட வேண்டும்.

“வெளிநாட்டில் சம்பாதிக்கிறவனுக்குப் புதுச் சட்டை வாங்கக் காசில்லையா?” என்று சிலர் கேட்கலாம். அவன் கூலியில் முதல் பங்கு ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்குப் போகிறது. அடுத்த பங்கு ஊரிலுள்ள குடும்பத்துக்கு. அந்த நாட்டில் அயல்நாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. வாய் திறந்து கேட்டால் வேலை அனுமதியையே முதலாளி ரத்து செய்துவிடலாம். ஆகவே அவன் தன் உடம்பில் மிச்சம் பிடிக்கிறான். அந்தச் சிக்கனம் பெருமைக்குரியது. அப்படி மிச்சம் பிடிக்க வைத்த கூலிதான் வெட்கத்துக்குரியது.

திருப்பூர்த் தோழர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உலகத்துக்கே பனியனும் சட்டையும் தைத்து அனுப்புவது உங்கள் கைகள். வெளிநாட்டுக் கடையில் அந்தச் சட்டைக்குப் போட்டிருக்கும் விலையைக் கொடுத்து அதை வாங்க உங்கள் கூலி போதுமா? இங்கே அதைத் தைப்பவனும் வாங்க முடியவில்லை. அங்கே வீடு கட்டுபவனும் வாங்க முடியவில்லை. வசதியுள்ளவன் சில மாதம் உடுத்திக் கழித்த பிறகுதான் அது உழைப்பாளியின் கைக்கு வருகிறது. இதுதான் முதலாளித்துவத்தின் நியாயம்!

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளின் கமிஷன் கொள்ளையை சர்க்கார் ஒடுக்க வேண்டும். கூலி, வேலை நேரம், பிடித்தம் ஆகிய எல்லாவற்றையும் தமிழில் எழுதிய ஒப்பந்தம், புறப்படும் முன்பே தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். பனியன் ஆலைகளில் வாழ்வதற்கேற்ற கூலி வேண்டும்.

மகனை வெளிநாடு அனுப்பிய விவசாயத் தொழிலாளியும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்த தோழியும் இதற்காக ஒரே சங்கக் கொடியின் கீழ் நிற்க வேண்டும். பழைய சட்டையை விரும்பி உடுத்தலாம். கூலி போதாமல் உடுத்தும் நிலைமை ஒழிய வேண்டும்!