உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை

ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தபடியே நம் செவித்திறனை நாமே சோதித்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. 2019 மார்ச் 3, உலகச் செவித்திறன் நாளன்று, உலக சுகாதார நிறுவனம் இதற்கென ஒரு கைப்பேசிச் செயலியை இலவசமாக வெளியிட்டது. 2024-இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஏர்பாட்ஸ் ப்ரோ கருவியிலேயே செவிச் சோதனையைச் சேர்த்தது. இவற்றை வரவேற்பதா, ஐயுறுவதா? வரவேற்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அச்சோதனையின் முடிவைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. தமிழருக்கான சோதனை, தமிழின் ஒலி இயல்பை அறிந்து ஆக்கப்பட வேண்டும்.

கண் மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். காது மந்தமானால் எதிரில் இருப்பவரைக் குறை சொல்கிறோம். 'வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறான்', 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பேசத் தெரியவில்லை' என்கிறோம். மூக்குக் கண்ணாடி அறிவின் அடையாளமாகிவிட்ட ஊரில் செவிக்கருவி மட்டும் முதுமையின் அடையாளமாக, மறைக்க வேண்டிய பொருளாக இருக்கிறது. 'செவிடு' என்பது நம் வழக்கில் குறையின் பெயராக மட்டும் இல்லை, வசைச்சொல்லாகவும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் மருத்துவமனைப் படி ஏறுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் செவிக்குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்றது. அது வீடு வீடாகக் கேட்டு, வீட்டார் சொன்னதைக் கொண்டு எழுதிய கணக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இரு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்கு இழப்பு இருந்தால்தான் ஒருவரைச் செவிக்குறையுடையவர் என ஏற்கிறது. முப்பது, நாற்பது டெசிபல் இழந்தவர் இந்தக் கணக்குகளில் எளிதில் இடம்பெறுவதில்லை. அவர் வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கிறார். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது தாமும் சிரித்துவைக்கிறார். எவர் முன்னும் குறையை ஒப்புக்கொள்ளாமல் தனியறையில் செய்துபார்க்கும் சோதனை, இத்தகையோருக்கு முதல் வாசல்.

இவர்களுடைய குறை எத்தகையது என்பதைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பேச்சில் உயிரொலிகளுக்கு வலிமை அதிகம், அவற்றின் ஆற்றல் பெரிதும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, த போன்ற மெய்களின் அடையாளமோ மெலிந்தது, உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பது. வயதாலும் இரைச்சலாலும் வரும் இழப்பு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களிலேயே தொடங்குகிறது. ஆகவே உயிர் கேட்கிறது, மெய் கேட்பதில்லை. 'கடி', 'தடி', 'படி' மூன்றிலும் முதல் மெய்யை நீக்கினால் எஞ்சுவது 'அடி' ஒன்றே. 'பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை' என்று முதியவர் சொல்வது சாக்கு அன்று. இதைவிடத் துல்லியமாக அந்நிலையைச் சொல்ல முடியாது.

வீட்டுச் சோதனைகள் இரு வகை. முதல் வகையில் வெவ்வேறு அதிர்வெண்களில் மெல்லிய ஒலி எழும். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். மருத்துவமனையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை செய்யப்படும் சோதனையின் சாயல் இது. ஆனால் அங்கே ஹெட்போன் அளவுதிருத்தம் செய்யப்பட்டது, அறை ஒலிபுகாதது. நம் வீட்டு ஹெட்போன் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலிக்கும் என்பது நமக்குத் தெரியாது. அறையோ மறைமலைநகர் அறை. ஒருபுறம் ஜி.எஸ்.டி. சாலை, மறுபுறம் செங்கல்பட்டுத் தடத்து ரயில், தலைக்குமேல் மின்விசிறி. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் வரை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே அனுமதிக்கின்றன. தாழ்ந்த, மெல்லிய ஒலிகளை மறைக்க அதுவே போதும். எனவே நல்ல காது உள்ளவரையும் இச்சோதனை அச்சுறுத்தக்கூடும். இணையத்தில் உலவும் 20,000 ஹெர்ட்ஸ் காணொளிகளைக் கேட்டுக் கலங்குவதும் வீண். நாற்பதைக் கடந்தவருக்கு அந்த உச்சம் கேளாதிருப்பது இயல்பு. பேச்சைப் புரிந்துகொள்ள அது தேவையும் அன்று.

இரண்டாம் வகை மேலானது. இரைச்சலின் நடுவே மூன்று எண்கள் ஒலிக்கும், அவற்றை அழுத்த வேண்டும். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையே இது அளப்பதால் கருவியின் அளவுதிருத்தம் அவ்வளவாக முக்கியமில்லை. 2003-இலேயே நெதர்லாந்தில் சாதாரணத் தொலைபேசி வழியாக இதைச் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் செயலியும் இவ்வகையே.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. ஆங்கில எண்களில் டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ், சிக்ஸ், செவன் எல்லாம் மெலிந்த, உயர்ந்த மெய்யில் தொடங்குகின்றன. தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ளவற்றுள் ஏழு எண்கள் உயிரில் தொடங்குகின்றன. மூன்றும் நான்கும் மெல்லினத்தில் தொடங்குகின்றன. வல்லினத்தில் தொடங்குவது ஒன்றுகூட இல்லை. முடிவோ எல்லாவற்றுக்கும் உகரம், 'ஏழு' நீங்கலாக அனைத்தும் குற்றியலுகரம். உயிரொலியை மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணை ஊகித்துவிடக் கூடியவர், மெய்யை இழந்திருந்தும் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் சல்லடையின் கண் பெரிதாகிவிடும் என்பதே நம் அச்சம். எண்களோடு கடி, தடி, படி போன்ற சொற்களையும் சேர்க்க வேண்டும். அதற்குச் செவியியல் வல்லுநரும் தமிழ்த் துறைகளும் ஒன்றாக அமர வேண்டும்.

மற்றொன்று, எந்தத் தமிழ் என்பது. இவ்வூர் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கியது. ஆயினும் இவ்வூரில் பால்காரரும் பூக்காரம்மாவும் எண்ணுவது ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்றுதான். செவிச் சோதனை தமிழ்த் தேர்வு அன்று. 'ஐந்து' என்று செந்தமிழில் ஒலித்து அவரைத் தடுமாறவைத்தால், அளக்கப்படுவது காது அன்று, பள்ளிப் படிப்பு. வள்ளுவர் 'கேள்வி' அதிகாரத்தில், கல்லாதவரும் கேட்டாவது அறிய வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்கான சோதனை கற்றவருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது.

இவ்வூரைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களில் பிரஸ் எந்திரங்களின் அருகே நாளெல்லாம் நிற்பவர்களை நினைத்தே இதை வலியுறுத்துகிறோம். இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளமாகத் தோன்றும். அமைதியான வீட்டில் பேசும்போது அது தெரியாது. உணரும்போது காலம் கடந்திருக்கும். உட்செவியின் மயிர்ச்செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இவ்விழப்பை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்திருந்தது. கைப்பேசி காட்டும் எண்ணை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்காது. ஆனால் முறையான பரிசோதனையைக் கேட்டுப் பெறும் துணிவை அது தரும்.

சோதிப்போர் சில எளிய முறைகளைக் கைக்கொள்ளலாம். விசிறியை நிறுத்துங்கள். இடம், வலம் மாறாமல் ஹெட்போனை மாட்டுங்கள். வேறு வேறு நாட்களில் மூன்று முறையேனும் செய்யுங்கள். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வேறுபாடு தொடர்ந்து தெரிந்தால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் சோதனை செய்துகொண்டிராமல் அன்றே போங்கள். தேர்ச்சி என்று வந்தும் வீட்டார் 'எத்தனை முறை கூப்பிடுவது' என்கிறார்களா? வீட்டார் சொல்வதையே நம்புங்கள். சோதனை முடிந்ததும் அதே ஹெட்போனில் ஒலியைக் கூட்டிவைத்துப் பாட்டுக் கேட்காமலிருப்பதும் நல்லது.