பழைய லேப்டாப் மீது விழும் பழி

போர்ட் பிளேரில் (அரசுக் கணக்கில் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வீட்டுக்குப் புது ரௌட்டர் வந்த கையோடு ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது. போனில் வைஃபை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஏழெட்டு வருஷ லேப்டாப்பில் மட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது. "மிஷின் பழசு சார், புதுசுக்கு ஒத்துவராது. மாத்திடுங்க." அபர்டீன் பஜாரிலும் இதே பேச்சு, பக்கத்து வீட்டிலும் இதே பேச்சு. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் அதைவிடத் தவறு.

"போனில் வருதே, அப்போ கோளாறு லேப்டாப்பில்தானே?" என்பது முதல் வாதம். போனில் வருவது, லைன் சரியாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. லேப்டாப்பைச் சோதிக்க வேறு வழி உண்டு: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதே லேப்டாப்பை ஒரு மணி நேரம் அதில் ஓட விடுங்கள். அறுபடாமல் ஓடினால் வைஃபை கார்டு நலமாகத்தான் இருக்கிறது. லைனும் சரி, கார்டும் சரி என்றால் மிச்சம் இருப்பது இரண்டும் சேரும் இடம், அதாவது ரௌட்டரின் செட்டிங், அல்லது அதோடு ஒத்துப்போகாத டிரைவர்.

"தீவு இன்டர்நெட்டே இப்படித்தான்" என்பவர்களுக்குப் பழைய நினைப்பு போகவில்லை. செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடலாம். பல சமயம் அது நியாயமாகவும் இருந்தது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டபின் பழி கேபிளுக்கு மாறிவிட்டது. ஆனால் லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் நடுவே இருப்பது பத்தடிக் கூடம்; அதில் கடல் எங்கே வந்தது? வைஃபை குறி அப்படியே இருந்து 'இன்டர்நெட் இல்லை' என்று காட்டினால் லைனைச் சந்தேகியுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிகிறதா பாருங்கள். குறியே காணாமல் போனால் கேபிளை விட்டுவிடுங்கள்.

உப்புக்காற்று கார்டை அரித்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். இங்கே உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை, உண்மைதான். ஆனால் போன வாரம் பழைய ரௌட்டரில் ஓடிய கார்டை, புது ரௌட்டர் வந்த நாள் பார்த்தா அரிக்கும்?

உண்மையில் நடப்பது வேறு. புது ரௌட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பி, கருவியை இங்கும் அங்கும் தாமே தள்ளுகின்றன. புதுப் போன் நாசூக்காகத் தாவிவிடும். பழைய கார்டு, பிடித்த கையை விட்டபின்தான் மறு கையைத் தேடும். அந்த இடைவெளியைத்தான் நாம் 'டிராப்' என்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தால் பாதி வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிகிறது.

அடுத்தது பாதுகாப்பு முறை. 2018இல் வந்த டபிள்யூபிஏ3யை விண்டோஸ் 7 அறியாது. 'டபிள்யூபிஏ2/3 கலவை' என்று வைத்தாலும் சில பழைய டிரைவர்கள் தடுமாறும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வைத்து, லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். வைஃபை 6 இன்னொரு சிக்கல். இன்டெல் 7260, 7265, 3165 போன்ற கார்டுகளில் பழைய டிரைவர் இருந்தால் அந்த நெட்வொர்க் கண்ணிலேயே படாமல் போகலாம். இன்டெல் திருத்திய டிரைவர் வெளியிட்டிருக்கிறது. 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது' என்று விண்டோஸ் சொல்வதை நம்பாமல், போனை யுஎஸ்பியில் மாட்டி இணையம் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கும் டிக்கையும் எடுத்துவிடலாம்.

"காலையில் நல்லா இருந்துச்சு, சாயங்காலம் போச்சு, அப்போ மிஷின்தான் சாகுது" என்ற வாதம் எனக்குப் பிடித்தமானது. டீசல் ஜெனரேட்டர்களை நம்பி ஓடும் ஊர் இது, மின்வெட்டு புதிதல்ல. கரண்ட் போய் வந்தால் ரௌட்டரும் எழுந்து புதிதாகச் சானல் தேடும். சானல் 'ஆட்டோ'வில் இருந்தால் 12 அல்லது 13இல் போய் உட்காரக்கூடும். இந்தியாவில் அவை செல்லும். அமெரிக்க அமைப்போடு வந்த லேப்டாப்புக்கு அவை தெரியாது. 5 கிகாஹெர்ட்ஸிலும் 5470–5725 மெகாஹெர்ட்ஸ் நடுப்பகுதி இந்தியாவில் 2018இல்தான் உரிமமில்லாப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய லேப்டாப், ரௌட்டர் சானல் 100க்குத் தாவினால் திருதிருவென்று விழிக்கலாம். 2.4இல் 1, 6, 11 ஒன்றில் நிறுத்தி அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 5இல் 36 முதல் 48க்குள் வையுங்கள். சாவு ஒத்திப்போகும்.

"டபிள்யூபிஏ2க்கு இறங்கினால் ஹேக் ஆகிடும்" என்ற பயமும் கடையில் விற்பனைக்கு உதவுகிறது. நீளமான பாஸ்வேர்டோடு ஏஇஎஸ் இருந்தால் வீட்டுக்குப் போதும். மனம் ஒப்பாதவர்கள், பாதுகாப்பு முறையைத் தனியே வைக்க ரௌட்டர் இடம் தந்தால், கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் டபிள்யூபிஏ2இல் வைத்து லேப்டாப்பை அங்கே சேர்க்கலாம். டபிள்யூஇபி பக்கம் மட்டும் போகாதீர்கள்.

லேப்டாப்பை மாற்ற நியாயமான காரணங்களும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதற்காக மாற்றுவதென்றால் தாராளமாக மாற்றுங்கள், வைஃபையின் பெயரைச் சொல்லாதீர்கள். 2.4 மட்டுமே தெரிந்த கார்டில் பெரிய பிளானின் வேகம் முழுசாக வராது, அதுவும் உண்மை. டிரைவரைப் புதுப்பித்த பிறகும் ஹாட்ஸ்பாட்டில் அறுபடுகிறது என்றால் பெரும்பாலும் கார்டுதான் போய்விட்டது. அப்போதும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு பேண்டும் உள்ளதா, உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சென்னையிலிருந்து வரவழைத்ததைத் திருப்பி அனுப்புவது எத்தனை நாள் இழுக்கும் என்பது தீவுக்காரர்களுக்குத் தெரியாததல்ல.