விரைவும் விடையும்

கணித மாணவ நண்பர் கூடுமிடத்து அண்மையில் ஒரு வழக்கு மிகுந்துளது. மாறிகளை எண்ணாக மாற்றாது எழுத்தாகவே கொண்டு இயற்கணிதம் செய்யும் மென்பொருள்களுள் எது விரைவுடையது என்பதே அது. சிம்பை, மாக்சிமா, சேஜ், மாத்தமாட்டிக்கா என நிரலாக எழுதி, எதிரே விநாடிகளைக் குறித்து, குறைந்த விநாடி கொண்டதற்கு வாகை சூட்டுவர். தமிழ் பயில்வோனுக்கு இதில் என்ன வேலை என்று அவர்கள் நகைப்பினும், அப்பட்டியல்கள் பெரும்பாலும் குறையுடையன என்பதே என் துணிபு.

எல்லாவற்றையும் ஒரே வினாவையே வினவினோமா என்பது முதற்கண் பார்க்கற்பாலது. எங்கள் ஒடுகத்தூர்ப் பக்கத்தார் ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தோற்சாலைகளை அறிவர். பட்டைச்சாற்றில் ஊறும் தோலுக்குப் பல வாரம் வேண்டும். குரோமியத்தில் பதனாவது சில நாளில் முடியும். இரண்டும் வெவ்வேறு தோல். நாட்கணக்கு மட்டும் பார்த்து வாங்குவார் யாவர்? அதுபோல, ஒரு மென்பொருள் கோவையை முழுதும் விரித்தெழுத, மற்றொன்று அடைப்புக்குறிக்குள்ளேயே விட்டுவிடின், பின்னது முந்துவதில் வியப்பில்லை. ரிச்சர்டு ஃபேட்மன் 2003-இல் வெளியிட்ட சோதனையில் இக்குறை இல்லை. ஒன்றோடு மூன்று மாறிகளைக் கூட்டி இருபதாம் படிக்கு விரித்தால் 1,771 உறுப்புக்கள் வரும். அக்கோவையை அதனினும் ஒன்று மிக்க கோவையால் பெருக்கின் 12,341 வரவேண்டும். உறுப்புத்தொகை முன்னரே தெரிதலின், விரித்தோர் யார், விரியாது விட்டோர் யார் என்பது உடனே புலப்படும்.

நிற்க. எல்லாக் கணக்கிற்கும் இத்தகைய காவல் இல்லை. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200-ஐப் பிரிக்கும் வகைகள் 3,972,999,029,388 என்று மக்மேகன் கையாற் கணக்கிட்டுக் கண்டார். கும்பகோணத்தில் வளர்ந்த இராமாநுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட சூத்திரம், எட்டே உறுப்புக்களால் 0.004 அளவே வேறுபட அவ்விடையைத் தந்தது. பொறியால் அன்றி முறையால் வந்த விரைவு! 1937-இல் ராடமாக்கர் அதனை முற்றும் திருத்தமாக்கினார்.

இக்கணக்கிற்குச் சேஜின் கையேடு முன்னர்ப் பல வழிகளைக் காட்டிற்று. காப் மிக மெதுவானது; எண் ஆயிரங்களை எட்டின் பாரி அதனினும் விரைவுடையது. (பறம்பின் கோமான் அல்லன்; இப்பாரி பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்தது.) ஆனால் பாரியை வேண்டா என்றும் அக்கையேடே விலக்கியது. 64 பிட்டு லினக்சுப் பொறியில் அதன் 2.3.2 பதிப்பு, 147007-க்கு 536 என முடியும் விடையைத் தந்தது, முடியவேண்டியதோ 533. நானூறு இலக்கத்தின் மிக்க எண்ணின் கடைசியில் மூன்று கூடியதை எந்த விநாடிக் கணக்குக் காட்டும்? இராமாநுஜன் கண்ட 5, 7, 11 பற்றிய வகுபடு விதிகள் சில எண்களுக்கு உரைகல்லாகும். 147007 அவற்றுள் ஒன்றிலும் அடங்காது.

ஆகவே பிறிதொரு சான்றோடு ஒப்புநோக்கவே வேண்டும். ஏடு ஒப்புநோக்குதல் எங்கள் துறைத்தொழில். ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பெயர்த்தெழுதிய இரு படிகள் ஒத்திருத்தல் இரு சான்று ஆகாது என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். சேஜ் தன்னுள் பாரி, காப், மாக்சிமா மூன்றையும் அடக்கியுளது. தொகையீட்டிற்கு முதலில் மாக்சிமாவையே நாடுகின்றது. சேஜும் மாக்சிமாவும் ஒரே விடை கூறின என்று மகிழுமுன், ஒருவரையே இருமுறை வினவினோமா என்று பார்த்தல் வேண்டும்.

நண்பர்காள், உங்கள் பட்டியலில் இன்னும் இரு நிரல் சேர்ப்பீராக: விடை எதனோடு ஒப்பிடப்பட்டது என்பது ஒன்று, பதிப்பெண் மற்றொன்று. பதிப்பெண் இன்றேல், 2.3.2 செய்த பிழைக்கு இன்றைய பாரியையும் பழிக்க நேரும்.