அகதிக்கு ஆசிரியர் பதவி

மத்திய அரசுத் தேர்வுகளுக்கான விண்ணப்பங்களை நம்மில் பலர் ஆண்டுதோறும் நிரப்பி அனுப்புகிறோம். வயது, கல்வித் தகுதி, கட்டணம் ஆகியவற்றை ஊன்றிப் படிக்கும் நாம், நாட்டுரிமை பற்றிய பத்தியை மட்டும் தாண்டிச் சென்றுவிடுகிறோம். பிறந்த நாள்முதல் இந்நாட்டுக் குடிகளாக இருப்பவர்களுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியம் ஏது? எனினும் அந்தப் பத்தி படிக்கத் தக்கது. குடிமைப் பணித் தேர்வின் அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள். ஐ.ஏ.எஸ்., ஐ.எப்.எஸ்., ஐ.பி.எஸ். ஆகியவற்றுக்கு இந்தியக் குடியுரிமை கட்டாயம். ஏனைய பணிகளுக்கோ நேபாளத்தாரும் பூட்டானியரும் விண்ணப்பிக்கலாம். 1962 சனவரி முதல் நாளுக்கு முன் வந்த திபெத்திய அகதிகளும் விண்ணப்பிக்கலாம். பர்மா, இலங்கை, கென்யா, உகாண்டா முதலிய நாடுகளிலிருந்து நிலையாகத் தங்கும் கருத்துடன் வந்த இந்திய வம்சாவளியினரும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு தரும் தகுதிச் சான்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே.

குடியுரிமை இல்லாதவரையும் அரசுப் பணியில் அமர்த்தலாம் என்பதை டில்லி எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் பி.எட். முடித்த ஒரு பெண், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஏன் ஆசிரியையாக முடியவில்லை?

1983 சூலைக் கலவரத்தைத் தொடர்ந்து படகேறி வந்தவர்களும், அவர்களுக்குப் பின் அலை அலையாக வந்தவர்களுமாக, ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். 2009இல் போர் முடிந்தும் பெரும்பாலோர் திரும்பவில்லை. முகாமில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து, தாமும் பெற்றோராகிவிட்டனர். அவர்கள் பார்த்தறியாத ஊருக்கு அவர்களைத் "திரும்பிப் போ" என்பது எவ்வகைத் திரும்புதல்?

கல்வியை இவர்கள் பற்றிக்கொண்ட விதம் வியப்புக்குரியது. 1984இல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 1991க்குப் பின் கல்லூரிச் சலுகைகள் சில ஆண்டுகள் நின்றபோதும் படிப்பை அவர்கள் விடவில்லை. ஆக, ஆசிரியத் தொழில் இவர்களுக்குப் புதிதன்று. சம்பளமும் பதவியும்தான் இல்லை. பட்டம் பெற்றபின் குறைந்த ஊதியத்துக்குத் தனியார் பள்ளியில் சேரலாம். அதுவும் இல்லையேல் ஆண்களுக்கு இருக்கவே இருக்கிறது சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் கூலி வேலை. பட்டதாரிகள் பலர் ஏணியில் நிற்பது முகாமில் எவரும் அறிந்த செய்தி.

முட்டுக்கட்டை குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர். அந்நாள் முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமக்களாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி மேலும் இறுகிவிட்டது. ஆகவே ஒரே முகாமில் பிறந்த அக்காள் இந்தியர், தம்பி அந்நியன் என்னும் விந்தை நேர்கிறது. அக்காளுக்கும் அந்த உரிமை எளிதில் கைக்கு வருவதில்லை. 1986இல் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்க, 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை தலையிட வேண்டியிருந்தது! 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு பெற்றவர்களை, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லதே. ஆனால் தண்டனை இல்லை என்பதை வைத்துக்கொண்டு வேலைக்கு மனுப் போட முடியாது.

இந்நாட்டில் அகதிகள் ஆசிரியரானதே இல்லையா? தேசப் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் தென் கல்கத்தாவில் பிஜய்கட் முதலிய குடியிருப்புகளை அமைத்தபோது, கூரை போட்டவுடன் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். வீட்டு வாசலைத் தாண்டியறியாத பெண்கள் பலர் ஆசிரியைகளாகிக் குடும்பத்தைத் தாங்கினர். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு அவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறந்திருந்தது. திபெத்தியர் நிலைமை வேறு. பெரும்பாலோர் குடியுரிமை பெறாதவர்கள். ஆயினும் 1960இல் முசூரியில் அவர்களுக்கென்று பள்ளி திறந்தார்கள். 1961இல் மத்தியக் கல்வி அமைச்சின்கீழ்த் திபெத்தியப் பள்ளிகளுக்கென ஒரு கழகமே அமைந்தது. அகதியாக வந்தவரே அப்பள்ளிகளில் அகதிக் குழந்தைக்குத் தம் மொழியைக் கற்பித்தார்.

மேற்சொன்ன அறிவிக்கைக்கு மீண்டும் வருவோம். முகாம்களில் இருப்போரில் ஒரு பகுதியினர் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து போனவர்களின் வழிவந்தோர். "இலங்கையிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர்" என்ற சொற்றொடர் இவர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் மன்னாரிலிருந்து வந்தோரும் அந்தச் சொற்றொடருக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் திபெத்தியருக்குச் செய்ததுபோல ஒரு தேதியைக் குறித்து விதி செய்யலாம். அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு வேலைவாய்ப்பில் சமத்துவத்தைக் குடிமக்களுக்கு உறுதியளிக்கிறதே ஒழிய, மற்றவருக்கு வேலை தரக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை.

"தகுதித் தேர்வில் தேறிய நம் பிள்ளைகளே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்களே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் காத்திருப்பின் வேதனை நம் வீடுகளிலும் உண்டு. ஆனால் 58 ஆயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் பி.எட். முடித்தவர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு எவரும் கேட்கவில்லை. அதே தேர்வை அதே மண்டபத்தில் எழுத விடுங்கள் என்பதே கோரிக்கை. தோற்றால் தோற்கட்டும்.

2021இல் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, "அகதிகள் முகாம்" என்ற பெயரையும் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. வீடும் கல்வி உதவியும் வந்தன. படிக்க உதவிய அரசு, அந்தப் படிப்பைப் பயன்படுத்தவும் இடம் தர வேண்டாமா? தகுதிச் சான்று வழங்குவது டில்லியின் கையில் இருக்கிறது. நாம் இருப்பதும் தமிழ்நாட்டுக்கு வெளியே, பல மொழி மாணவர் நடுவே. திபெத்திய நண்பர்களும் வங்காளி நண்பர்களும் நம் விடுதிகளிலேயே உண்டு. அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்கி, அவர்களிடமும் கையொப்பம் பெற்று, உள்துறை அமைச்சுக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கும் அனுப்ப வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.