குழந்தை இல்லாத அறை

சிறுவர் ஊழியத்துக்கான தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் இரண்டு நாள் முகாம்கள் மூன்றில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றிலும் ஒரு குழந்தைகூட இல்லை. தச்சுவேலை சொல்லித்தருகிறேன் என்று கூட்டிப்போய், ஒரு துண்டு மரத்தைக்கூடக் கண்ணில் காட்டாமல், மரத்தைப் பற்றி எண்பது ஸ்லைடு போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அந்த ஸ்லைடுகளை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக ஐடியில் குப்பை கொட்டுகிறவன் நான். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம். தொலைநோக்கு, இலக்கு, குழு மேலாண்மை. நீங்கள் சிங்கமா, நீர்நாயா என்று கண்டுபிடிக்க ஒரு வினாத்தாள். எங்கள் ஆபீஸில் எச்ஆர்காரர்கள் இதை நடத்தும்போது பின்வரிசையில் உட்கார்ந்து மெயில் பார்ப்போம். இங்கே அதே சரக்கு, ஒவ்வொரு ஸ்லைடின் மேலும் ஒரு வேதவசனத்தோடு வருகிறது. நாங்களாவது சம்பளம் வாங்கிக்கொண்டு கொட்டாவி விட்டோம். இங்கே வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையை விட்டுவிட்டு வந்த டீச்சர்கள் பக்தியாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

டீ இடைவேளையில் கல்லூரி முடித்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "அண்ணே, என் கிளாஸ்ல ஒரு பையனோட அப்பா போன மாசம் எறந்துட்டாரு. நான் தினமும் ஜெபம் பண்ணுனேனே டீச்சர், அப்புறம் ஏன் செத்தாருன்னு கேக்கான். என்ன சொல்லணும்?" பயிற்சியாளரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். "நல்ல கேள்வி சிஸ்டர், கேள்வி நேரத்துக்கு வெச்சுக்குவோம்" என்றார். கேள்வி நேரத்தை சாப்பாடு தின்றுவிட்டது.

கிறித்தவரல்லாத நண்பர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. தென் மாவட்டங்களில் இன்னமும் நாங்கள் ஓய்வுநாள் பாடசாலை என்று சொல்கிற இந்த அமைப்பை 1780இல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் பிரபலமாக்கியவர் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஏழாவது நாள் எழுத்துக் கற்றுக்கொடுக்க, உள்ளூர்ப் பெண்களுக்குக் கூலி கொடுத்து அமர்த்தினார். முதல் ஆசிரியர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்கள் தலைவர்கள் என்று யாரும் அழைக்கவில்லை. பிள்ளைக்கு எழுத்துத் தெரியவில்லை, உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒருத்தர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இந்திய ஞாயிறு பள்ளிகளின் சங்கம் 1876இல் அலகாபாத்தில் தொடங்கியது. நூற்றைம்பது வருஷ ஸ்தாபனம் ஒன்று ஆள் உருவாக்குவதற்கு எச்ஆர் ஸ்லைடைக் கடன் வாங்கும் நிலைக்கு எப்படி வந்தது?

எங்கள் ஊரில் ஆள் உருவான விதத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்தக் கூட்டம். டீச்சர்கள் எல்லோரும் ஆலயத்துப் பக்கத்து அறையில் பாயில் உட்காருவார்கள். மறுநாள் பாடத்தை ஆக இளையவர் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளாக மாறிக் குறுக்கே பேசுவார்கள். "டீச்சர், பேழைக்குள்ள பாம்பு இருந்துச்சா?" "ஒண்ணுக்கு வருது டீச்சர்." அதில் தடுமாறாமல் கதையை முடித்தால்தான் மறுநாள் வகுப்பு. முதல் வருஷம் ஃப்ளானல் போர்டு தூக்குவது, வருகைப் பதிவேடு எழுதுவது, அழுகிற பிள்ளையை வெளியே கூட்டிப்போவது மட்டும்தான். எங்கள் தொழிலில் இதற்கு கோட் ரிவ்யூ என்று பெயர் வைத்து, கண்டுபிடித்ததே நாங்கள்தான் என்பது போலப் பேசிக்கொள்கிறோம்.

இன்று அந்த சனிக்கிழமைக் கூட்டம் பல இடங்களில் இல்லை. பதிலாக மே மாதத்து விபிஎஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து நாள், ஒரே நிற டீ-சர்ட், ஆக்‌ஷன் சாங், ஸ்பீக்கர். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நடக்கட்டும். ஆனால் சபை அறிக்கையில் எண்ணிக்கை வருவது அந்தப் பத்து நாளுக்குத்தான். இத்தனை பிள்ளைகள், இத்தனை தீர்மானங்கள். ஐம்பத்திரண்டு ஞாயிறு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவளுக்கு ஒரு வரி கிடையாது. மேடையில் மைக் பிடித்தவர் தலைவர் ஆகிறார். எந்தப் பிள்ளை ரெண்டு வாரமாக வரவில்லை என்று தெரிந்தவள் உதவியாளர் ஆகிறாள். நான் பார்த்த அறைகளில் நோட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மைக் பிடித்த மூவரும் ஆண்கள். சேகரக் கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சலிப்பு. இனி சொல்வதுதான் என் உண்மையான குற்றச்சாட்டு. மூன்று முகாம், மொத்தம் ஆறு நாள். போக்சோ என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைக்கிற நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை. சபை அதற்கு விலக்கு அல்ல. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்ற எளிய விதியைக்கூட யாரும் சொல்லவில்லை. 1098 என்ற எண் எந்தச் சுவரிலும் இல்லை. நான் எழுந்து கேட்டபோது வந்த பதில்: "பிரதர், நம்ம சபைல அப்படியெல்லாம் கிடையாது. இதைப் பேசினா பேரு கெட்டுப்போகும்."

பெயர் கெட்டுவிடும் என்று பயந்தவர் வேதாகமத்திலேயே இருக்கிறார், ஏலி. ஞாயிறு பள்ளியில் சாமுவேலின் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். இரவில் யாரோ கூப்பிட, சிறுவன் ஏலியிடம் ஓடுகிறான். மூன்றாம் முறை ஏலிக்குப் புரிகிறது. பிள்ளை கடவுளுக்குப் பதில் சொல்கிறது. பாட்டு, ஜெபம், மிட்டாய். மீதியைப் படியுங்கள். ஏலியின் மகன்கள் ஆசாரியர்கள். ஆசரிப்புக் கூடார வாசலில் பணிசெய்த பெண்களிடம் முறைகேடாக நடந்தவர்கள். ஏலிக்குத் தெரியும். கூப்பிட்டுக் கண்டித்தார், பதவியில் இருந்து இறக்கவில்லை. அன்று ராத்திரி சிறுவனுக்குக் கிடைத்த செய்தி அந்த வீட்டின் மேல் வந்த தீர்ப்பு. காலையில் பையன் சொல்லப் பயப்படுகிறான். கிழவர் அவனை விடவில்லை. ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்கிறார். தன் குடும்பத்துக்கு எதிரான வார்த்தையைத் தான் வளர்த்த பிள்ளையின் வாயிலிருந்து கேட்டு, ஏற்றுக்கொள்கிறார். தோற்றுப்போன தலைவரான ஏலி தன் வாழ்க்கையில் செய்த ஒரே தலைமைக் காரியம் அந்தக் காலையில்தான் நடந்தது என்பேன். ஒரு பிள்ளை இவரிடம் போய் இப்படி ஒன்றைச் சொல்ல முடியுமா? ஒருவரை ஊழியத்தில் சேர்க்கும் முன் சபை கேட்க வேண்டியது இதைத்தான். சிங்கமா நீர்நாயா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்ப பயிற்சியே வேண்டாங்கிறியா?" என்று கேட்பார்கள். வேண்டும். சாவைப் பற்றிக் கேட்கிற பையனுக்கு உடனே பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும். அது ஸ்லைடில் வராது, அதைச் செய்கிற ஒரு மூத்த டீச்சரின் பக்கத்தில் ஒரு வருஷம் இருந்தால் வரும். தங்களில் யார் பெரியவன் என்று சீடர்கள் வழியெல்லாம் வாதாடி வந்தபோது, இயேசு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவில் நிறுத்தினார். இருந்த அறையில் பிள்ளை இருந்தது, அதனால் முடிந்தது.

நேரமில்லை, பணமில்லை என்பார்கள். முகாம் இரண்டு நாள், எட்டு எட்டு மணி நேரம். அதையே சனிக்கிழமைக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்தால் பதினாறு வாரம் வருகிறது. மண்டப வாடகை, மதிய பிரியாணி, பயிற்சியாளரின் ரயில் டிக்கெட் எல்லாம் மிச்சம். அந்தப் பணத்தில் ஞாயிறு பள்ளி அறைகளின் மரக்கதவுகளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி வைத்த கதவுகளைப் போடுங்கள்.