ஏழு நாடு வேண்டாம், ரெண்டு ஊர் போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் ஒரு சுற்றுலா விளம்பரம் போட்டிருந்தான். 11 நாளில் 7 ஐரோப்பிய நாடுகள். கீழே, "சித்தப்பா, சித்திக்கு முட்டிவலி முத்துறதுக்குள்ள பாத்துட்டு வந்துடுவோம், கிளம்புங்க" என்று ஒரு வரி. பிள்ளையின் அன்பில் குறையே இல்லை. ஆனால் வரவில்லை என்று மொட்டையாகச் சொன்னால் காசுக்கு யோசிக்கிறேன் என்று நினைப்பான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போக வர விமானத்துக்கு ரெண்டு நாள். மிச்சம் 9 நாள், 7 நாடு. அதிலும் பாதி நேரம் பஸ்ஸுக்குள். இறங்கு, போட்டோ எடு, ஏறு. இதற்குப் பெயர் பயணமா? எங்கள் ஊர் அழகரைப் பாருங்கள். மலையிலிருந்து வைகைக்கு இருபது கிலோமீட்டர்தான். நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஆற்றுக்குப் போகிறார். அவருக்கு இல்லாத அவசரம் நமக்கு எதற்கு?

சொன்னால் சிரிப்பீர்கள். நானும் வீட்டம்மாவும் இந்தத் தை மாதம் எங்கள் பழைய காரிலேயே ஐரோப்பா போய் வந்துவிட்டோம். ஆறு நாள். அறுபதுக்கு மேல் வண்டியை விரட்டவில்லை. காரைக்குடி, அறந்தாங்கி வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். மல்லிப்பட்டினம் பக்கத்தில் மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட 1814இல் தஞ்சை சரபோஜி மன்னர் எட்டு அடுக்கில் எழுப்பியது. எங்கோ நடந்த சண்டைக்கு நம் கடற்கரையில் ஒரு கோபுரம்! அதன் நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அன்று இரவு நாகப்பட்டினம். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்கள் பிடித்த ஊர். மறுநாள் காரைக்காலைத் தாண்டி தரங்கம்பாடி. அங்கே ஒரு இரவு என்று போனவர்கள் மூன்று இரவு தங்கிவிட்டோம்.

முதல் நாள் எல்லோரும் பார்ப்பதைத்தான் பார்த்தோம். ஊர் வாசல், ராஜா வீதி, வெள்ளைக்காரன் வீடுகள், 1620இல் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சுற்றுலா பஸ் என்றால் அத்தோடு விசில்தான்.

ரெண்டாம் நாள் காலையில்தான் ஊர் கண்ணில் படத் தொடங்கியது. புது எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்குவின் கல்லறை. 1706இல் வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகிய மனிதர். சில ஆண்டுகளிலேயே அதே தமிழை அச்சுக்கூடத்தில் ஏற்றினார். இறக்கும்போது வயது 36. வாத்தியாராக இருந்தவன் அந்தக் கல்லின் முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்துவிட முடியாது.

மூன்றாம் நாள் விடியற்காலை கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர், "எங்க தாத்தா காலத்துல கடல் அந்தாண்ட இருந்துச்சு சார்" என்று கைநீட்டிக் காட்டினார். கட்டியது யார் தெரியுமா? மாறவர்மன் குலசேகர பாண்டியன். நம்ம மதுரைக்காரர்! டேனிஷ்காரன் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால். "என்னங்க, நம்ம ஊரு ராசா கோயிலுக்கு அடுத்துதான் அவங்க கோட்டையே கட்டியிருக்காங்க" என்றாள் வீட்டம்மா. 34 வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு இது தோன்றவே இல்லை. ஐரோப்பியர் வருகை என்று கரும்பலகையில் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என வரிசையாக எழுதி, ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவர்கள் வந்து இறங்கிய கரையில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்று கேட்டதில்லை.

இங்கே என் மாணவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1994 என்று ஞாபகம். பத்தாம் வகுப்புச் சுற்றுலா. மூன்று நாளில் பதினோரு இடம், கழுத்தில் விசிலோடு நான். வேளாங்கண்ணியிலிருந்து பூம்புகார் போகும் வழியில் ஜன்னலோரம் இருந்த பையன் ஊர்ப் பலகையைப் படித்துவிட்டு, "சார், இது நீங்க நடத்துன தரங்கம்பாடியா? இறங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டான். "லிஸ்ட்ல இல்ல, உட்காரு" என்றேன். பஸ் நிற்கவில்லை. அந்த மூன்று நாளில் யாரும் கேட்காத கேள்வியை அவன் கேட்டான், நான் உட்கார வைத்தேன். தரங்கம்பாடிக் கடற்கரையில் மூன்று நாளும் அதுதான் மனதில் ஓடியது.

ஐரோப்பா போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லீவு கிடைப்பதே உங்களுக்குப் பெரும்பாடு என்பதும் தெரியும். பத்து நாள்தான் என்றால் ரெண்டு ஊர் போங்கள். ஜெர்மனியில் ரோதன்பர்க் என்று பழைய மதில் சூழ்ந்த ஊர் ஒன்று இருக்கிறது. 1945 குண்டுவீச்சில் இடிந்த மதிலை, உலகமெங்கும் இருந்து வந்த நன்கொடையில் எடுத்துக் கட்டினார்கள். கொடுத்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு மதில்மேல் நடக்க வேண்டாமா? முக்கால் மணி நேரத்தில் பாதி கழிப்பறை வரிசையில் போய்விடும். பகல் பஸ்கள் கிளம்பிய பிறகு அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள்.

தம்பி, நீ அப்படி ஒரு திட்டம் போட்டால் சித்தியும் நானும் கட்டாயம் வருகிறோம். முட்டிவலிக்கும் அதுதான் தோது.

திரும்பும்போது கடலூர் வரை போனோம். சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை கிராமங்களை 1690இல் ஆங்கிலேயர் வளைத்த ஊர். அதைத் தனியாக ஒரு பதிவாக எழுதுகிறேன்.

புரட்டாசியில் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கும் அங்குள்ள டச்சுக் கல்லறைகளுக்கும் போவதாக இருக்கிறோம். 1994இல் கேள்வி கேட்ட பையா, உனக்கு இப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். இதைப் படித்தால் இன்பாக்ஸில் ஒரு வரி போடு. பின் சீட் காலியாகத்தான் இருக்கிறது, ஜன்னலோரம். எங்கே சொன்னாலும் நிறுத்துகிறேன்.