வார்டை விட்டுக்கொடுக்காதீர்கள், தோழர்களே!

தேதியே அறிவிக்கவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தக் கிளையாவது உட்கார்ந்திருந்தால் இன்றே எழுந்திருங்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நாம் ஓட்டுப் போட்டு உண்டாக்கிய ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துபோனது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. நடத்தவில்லை, தனி அலுவலரை உட்கார வைத்தார்கள். 2016இலும் இதேதான் நடந்தது. அப்போது நின்றுபோன தேர்தல் திரும்ப நடக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த மூன்று வருஷமும் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எங்கே போய்ச் சொன்னோம்? ஒன்றிய அலுவலக வாசலில் மனுவோடு நின்றோம். உள்ளே இருந்தவருக்கு நம் ஓட்டு தேவையில்லை. அதனால் நம் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

தேதி வரும். வரும்போது திடீரென்றுதான் வரும். 2019இல் டிசம்பர் 9ஆம் தேதி வேட்புமனு வாங்க ஆரம்பித்து 16ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரே வாரம்! அந்த ஒரு வாரத்தில் ஆளைத் தேடி, சம்மதம் வாங்கி, சாதிச் சான்றிதழுக்கு அலைந்து, முன்மொழிய ஒருவரைப் பிடித்து மனுப் போட முடியாது. வேலையை இப்போதே தொடங்கியவன்தான் அன்றைக்கு வரிசையில் நிற்பான்.

எல்லோருக்கும் விடுதலை, எல்லோருக்கும் வாய்ப்பு, எல்லோரும் சமம். மாநாட்டுப் பந்தலில் நாம் எழுதி வைக்கும் சொற்கள் இவை. எழுதுவதில் நமக்குக் குறையே கிடையாது. ஆனால் ஊருக்குள் இந்தச் சொற்களை உரசிப் பார்க்கும் இடம் பந்தல் இல்லை. ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். யார் நாற்காலியில் இருக்கிறார், யார் நிற்கிறார், யார் தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

2020 அக்டோபரில் ஒரு படம் நாடு முழுக்கச் சுற்றியது, நினைவிருக்கும். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சி. தலைவர் ஒரு தலித் பெண். மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்தவர். கூட்டத்தில் உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், தலைவர் தரையில் இருக்கிறார். படம் வெளியான பிறகு செயலர் பணியிடை நீக்கம் ஆனார், துணைத்தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடியேற்றவிடாமல் தடுத்தார்கள். செய்தி பரவி, கலெக்டரே நேரில் போய் நின்று, 20ஆம் தேதி அவர் கையால் கொடி ஏறியது. சுதந்திரம் அந்த ஊருக்கு ஐந்து நாள் தாமதமாக, போலீஸ் பாதுகாப்போடு வந்தது.

இரண்டு சம்பவத்தையும் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டினோம், ஆர்ப்பாட்டம் நடத்தினோம். சரி. ஆனால் தெற்குத் திட்டையில் வழக்கில் சிக்கியவர் யார் என்பதைக் கவனித்தோமா? துணைத்தலைவர். இந்த அறைகூவல் முழுக்க அந்த ஒரு பதவியைப் பற்றியதுதான், தோழர்களே.

ஊராட்சித் தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. பெண்களுக்குப் பாதி இடம் 2016இல் சட்டமானது. துணைத்தலைவர் பதவிக்கு எந்த ஒதுக்கீடும் கிடையாது. அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுமில்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதானாலும் தலைவர், துணைத்தலைவர் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தலைவர் நாற்காலி ரிசர்வ் ஆகிவிட்டதா, ஆகட்டும் என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். வார்டுகளைப் பேசி முடித்து வைத்துக்கொள்கிறார்கள். துணைத்தலைவர் அவர்கள் வீட்டு ஆள். அதற்கப்புறம் தலைவர் போர் போட்டாலும் பில் பாஸ் ஆகாது. மோட்டார் எரிந்தால் மாற்ற முடியாது. தூய்மைக் காவலருக்குக் கூலி கொடுக்க முடியாது. ஆறு மாதம் கழித்து அதே ஆட்களே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “பார்த்தீங்களா, அவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியலை” என்பார்கள். தலைவருக்கு ஓட்டுப் போட்ட காலனிக்காரர்களே ஒரு கட்டத்தில் அதை நம்ப ஆரம்பிப்பார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

அதோடும் நிற்பதில்லை. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தலைவரை நீக்கும் நடவடிக்கையை ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின் கீழ் கலெக்டர் தொடங்கலாம். தாசில்தார் வந்து கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பார். ஆறு வார்டு உள்ள ஊரில் நாலு பேர் போதும். ஓட்டுச் சீட்டில் வாங்கிய நாற்காலியை நாலு கையெழுத்தில் ஆட்டம் காண வைக்கலாம்.

இப்போது 2019 கணக்கைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வார்டு உறுப்பினர்கள் போட்டியே இல்லாமல் தேர்வானார்கள். இதை ஊர் ஒற்றுமை என்று பத்திரிகையில் எழுதினால் எழுதட்டும், நாம் அப்படிப் படிக்கக்கூடாது. எத்தனையோ ஊரில் கோயில் திடலில் கூட்டம் போட்டு, யார் கோயிலுக்கு அதிகம் எழுதி வைக்கிறாரோ அவருக்குப் பதவி என்று ஏலம் விட்ட தேர்தல் அது. ஏலம் நடந்த கூட்டத்தில் காலனிக்கு ஒரு பாய்கூட விரித்திருக்க மாட்டார்கள். அந்தப் பதினெட்டாயிரத்தில் நம் கொடிமரம் நிற்கிற ஊர்கள் எத்தனை என்று ஒவ்வொரு ஒன்றியக் குழுவும் எடுத்துப் பார்க்க வேண்டும். வார்டு உறுப்பினருக்கு அன்று டெபாசிட் 200 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செலவு வரம்பே 9,000 ரூபாய்தான். காசில்லை என்று எந்தத் தோழரும் சொல்ல முடியாது. சட்டமன்றத் தொகுதிக்குக் கூட்டணியில் எத்தனை இடம் என்று மூன்று மாதம் பேசுகிற நாம், நம் தெரு வார்டில் யார் நிற்பது என்று மூன்று மணி நேரம் பேசியதில்லை.

தலைவர் நாற்காலிக்கு இதற்கு முன்னால் கொடுத்த விலை கொஞ்சமில்லை. மேலவளவு 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கான தனி ஊராட்சியானது. தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர் நிலம் கேட்டவரில்லை, கூலி கேட்டவரில்லை. ஜெயித்த பதவியில் உட்காரப் போனார், அவ்வளவுதான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்ற நாலு தனி ஊராட்சிகளிலும் பத்து வருஷம் தேர்தல் நாடகமாகவே நடந்தது. ஒரு தடவை மனுப் போட ஆளே இருக்காது. இன்னொரு தடவை ஊர்க்காரர்கள் நிறுத்திய ஆளே ஜெயித்து, பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் தலைவர்களாக உட்கார்ந்தார்கள். நாலு ஊருக்கும் சேர்த்து அரசாங்கம் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தியது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியில் நீடிப்பதற்கே ஒரு விழா எடுக்க வேண்டிய நாட்டில் இருக்கிறோம்.

நம் கொடிக்கும் விலை கொடுத்திருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது கூலியை உயர்த்திக் கேட்டதற்காக மட்டுமா? செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கக் கொடியை ஏற்று என்று மிராசுதார்கள் சொன்னதை அந்த மக்கள் கேட்கவில்லை. எந்தக் கொடியின் கீழ் நிற்பது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். விடுதலை என்ற சொல்லுக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை இளைய தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கிராமத்தை அம்பேத்கர் கடுமையாகச் சாடியவர் ஆயிற்றே? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமக் குடியரசு என்று புகழ்ந்தவர்களை மறுத்து, அறியாமையும் குறுகிய புத்தியும் சாதி மத வெறியும் குடிகொண்ட இடம் அது என்று அவர் பேசினார். அப்படிப்பட்ட இடத்துக்கே அதிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று நாம் ஏன் கொடிபிடிக்க வேண்டும்? டவுனுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாமே?

போக முடிந்தவர்கள் போகட்டும், தடுக்க யாருமில்லை. ஆனால் ஊரில் இருப்பவர்களின் தண்ணீரும் சுடுகாட்டுப் பாதையும் அந்த ஊரிலேயே முடிவாகிறது. ஊராட்சிக்கு அதிகாரம் கொடுக்காவிட்டால் ஊரில் அதிகாரம் இல்லாமல் போய்விடாது. அது பழைய திண்ணையிலேயே இருக்கும். அம்பேத்கர் சொன்ன கிராமத்தைப் படிப்பதற்கு வேங்கைவயலைவிட வேறு பாடம் வேண்டாம். 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பு ஊராட்சி. அங்கே நம் ஆள் உட்கார வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா?

அதிகாரம் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதற்குப் பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே தூக்கிக் கொடுத்தது. எந்த ரோடு, எந்தப் பள்ளிக்கூடம் என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. இங்கே நமக்கு அவ்வளவு பணம் வராது. இருப்பதைக் கொண்டும் செய்ய நிறைய இருக்கிறது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊர் ஊராக நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். பூட்டுத் துருப்பிடித்து, வாசலில் நெல் காயும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத தெருவில் அந்தப் பூட்டைத் திறந்து, ஒரு டியூப்லைட் போட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்து வைத்தால் அதற்குப் பெயர் வாய்ப்பு. ஒரு தீர்மானமும் ஒரு சாவியும் போதும்.

பெண் தோழர்களை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்காரரை மேடையேற்றாதீர்கள். ஒன்றிய அலுவலகத்தில் “தலைவர் வந்திருக்காரு” என்றால் எத்தனை இடத்தில் வந்து நிற்பது தலைவரின் கணவர்? நம் கட்சியிலும் இது நடக்கிறது. கிளைக் கூட்டத்தில் டீ கொண்டுவருவது யார், தீர்மானத்தைப் படிப்பது யார் என்று பார்த்தாலே எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது புரியும். சாதி ஓட்டுக் கணக்குப் போட்டு, “அந்தத் தெருவில் நம் ஆளை நிறுத்தினால் இந்தத் தெரு ஓட்டு போய்விடும்” என்று யாராவது தோழர் சொன்னால், அந்தப் பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். இந்தத் தெருவின் ஓட்டைக் கேட்டு வாங்குவதற்குத்தான் கட்சி என்று ஒன்று இருக்கிறது. உத்தபுரத்தில் 2008இல் தீண்டாமைச் சுவரை உடைத்துப் பாதை திறந்தபோது ஓட்டு எத்தனை போகும் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஜெயிக்க முடியுமா என்று கேட்பீர்கள். எல்லா வார்டிலும் முடியாது. வாச்சாத்தி மலைமக்கள் மீது 1992 ஜூனில் நடந்த கொடுமைக்குத் தீர்ப்பு வர 2011 செப்டம்பர் ஆனது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. அந்த மலைமக்களும் அவர்களோடு நின்ற தோழர்களும் இத்தனை ஆண்டு வாய்தாவுக்கு வாய்தா அலைந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவ்வளவு பொறுமை உள்ள கட்சிக்கு ஒரு வார்டில் இரண்டு தடவை தோற்பது பெரிய விஷயமில்லை. போட்டியில்லாமல் விடுவதுதான் பெரிய விஷயம்.

தனி அலுவலர் இருக்கிற காலத்திலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கட்டாயம் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர்வரை உள்ள ஊரில் நூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். நோட்டோடு வீடு வீடாக வந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். சபையில் வந்து போடுகிறோம் என்று சொல்லுங்கள். வரவு செலவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாம் கொண்டுபோன தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே நின்று பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தேர்தலை உடனே நடத்து என்பது முதல் தீர்மானமாக இருக்கட்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் செய்து முடிக்க வேண்டியவை இவை. வாக்காளர் பட்டியலை வார்டுவாரியாகப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் பெயர் விடுபட்டிருந்தால் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பெயர், அவர் பின்வாங்கினால் மாற்றாக இன்னொரு பெயர். இருவருடைய சாதிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தால் இந்த மாதமே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். நோட்டீஸ் கொடுத்தும் கட்டாத பாக்கியைக் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்ய வைப்பார்கள். முன்மொழிகிறவர் கடைசி நேரத்தில் மிரட்டலுக்குப் பணிந்து ஊரைவிட்டுப் போய்விட்ட அனுபவம் பல இடத்தில் உண்டு, அதனால் வார்டுக்கு மூன்று பேரிடம் பேசி வையுங்கள். மனுத்தாக்கலுக்கு வேட்பாளரோடு கிளை முழுதும் போக வேண்டும். பெயர்ப் பட்டியல் இல்லாமல் ஒன்றியக் குழுக் கூட்டத்துக்கு எந்தக் கிளைச் செயலாளரும் வர வேண்டாம்.